டாலிக்கு மட்டும் தெரிந்த வார்த்தை

கெயின்ஹில் பண்ணை, அபர்டீன்ஷயர்
4 பிப்ரவரி 1917

அன்புள்ள அலிக்குக்கு,

நான் நலம். பிரான்சில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். காலுறைகள் அனுப்பியிருக்கிறேன். போன தடவை போல் யாருக்கும் தானம் செய்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு சங்கடம். நம் வீடு பண்ணைக் குதிரைக்காரனுக்கு விட்ட வீடு. ஏர் ஓட்ட ஆள் இல்லையென்றால் மே மாதக் கெடுவோடு காலி செய்யச் சொல்லிவிட்டார் பண்ணையார் மில்ன். இந்த வட்டாரத்து ஆண்பிள்ளைகள் எல்லாரும் உங்களோடு சேற்றில் கிடக்கும்போது ஆளுக்கு அவர் எங்கே போவார்? "நானே ஓட்டுறேன்" என்றேன். வேறு வழியில்லாமல் தலையாட்டினார். ஆனால் உங்கள் அருமைக் குதிரை டாலி லாயத்து வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். வயதாகி ஏர் விட்டுவிட்டு லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஷெயினுக்கு ஒரே சிரிப்பு. "பொம்பளைக்கு அந்த வார்த்தை தெரியாதுல்ல, குதிரை எப்படி அசையும்?" என்கிறார்.

களஞ்சியக் கதவைச் சாத்திக்கொண்டு, ரொட்டியும் விஸ்கியும் வைத்து, பிசாசின் குளம்பு என்று ஒன்றைக் கைகுலுக்க வைத்து, சத்தியம் வாங்கிக்கொண்டு, குதிரைக்காரர்கள் உங்களைத் தங்கள் கூட்டத்தில் சேர்த்தபோது காதில் சொன்னார்களே, குதிரையை அடக்கும் அந்த ரகசிய வார்த்தையை எனக்கு எழுதி அனுப்புங்கள். அந்தப் பிசாசுக் குளம்பு வெறும் கன்றுக்குட்டிக் குளம்புதான் என்று ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும்.

உங்கள் எல்ஸ்பெட்

பிரான்ஸ்
15 பிப்ரவரி 1917

என் அன்பு எல்ஸ்பெட்,

காலுறை வந்தது. ஒரு ஜோடியை நானேதான் போட்டிருக்கிறேன், கோபப்படாதே. எங்கள் ஸ்காட்லாந்துப் படைக்குக் கொடுத்த கில்ட் பாவாடையின் மடிப்பில் பேன்கள் குடும்பம் குடும்பமாகக் குடியிருக்கின்றன. அவற்றை யாரும் காலி செய்யச் சொல்வதில்லை.

நீ கேட்டதை மட்டும் கேட்காதே. எழுத மாட்டேன், செதுக்க மாட்டேன், எந்தப் பெண்ணிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தவன் நான். அதோடு எங்கள் கடிதங்களை எல்லாம் எடின்பரோ அதிகாரி ஒருவர் படித்த பிறகுதான் அனுப்புகிறார். கையுறையோடு குதிரையைத் தொடுகிறவருக்கு அந்த வார்த்தை தெரிவதா?

உன் அலிக்

கெயின்ஹில்
25 பிப்ரவரி 1917

அலிக்குக்கு,

டாலிக்குச் சொன்னதைப் பெண்டாட்டிக்குச் சொல்ல முடியாதா? அவளும் பெண்தானே. இதை யோசித்து யோசித்துக் கஞ்சியைக் கூட அடிப்பிடிக்க விட்டுவிட்டேன்.

பண்ணையார் பக்கத்துப் பண்ணையில் ஓர் ஆளைப் பார்த்து வைத்திருக்கிறார். பார்வை மங்கல் என்று படையில் சேர்க்காத ஆள். குதிரையின் தலை எது வால் எது என்று தடவிப் பார்த்துத்தான் சொல்வான். மார்ச் கடைசிக்குள் நான் ஏர் ஓட்டிக் காட்டாவிட்டால் வீடு அவனுக்கு. நான் அபர்டீனில் அக்கா வீட்டு மூலையில் போய் முடங்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

எல்ஸ்பெட்

பிரான்ஸ்
7 மார்ச் 1917

எல்ஸ்பெட் கண்ணே,

சத்தியத்தை மீற மாட்டேன். துணி வெளுப்பதைப் பற்றி மட்டும் ஒன்று கேட்கிறேன், அதிகாரி தாராளமாகப் படிக்கட்டும். என் சட்டைகளை எல்லாம் அவித்து அவித்துச் சின்னதாக்கியவள் நீ. டாலியின் கழுத்துப் பட்டைக்கும் லாயத்து நிலைக்கும் சோப்புப் போட்டு எத்தனை நாளாயிற்று? காலையில் உனக்கு முன்னால் லாயத்துக்குள் போய் வருவது யார்? குதிரைக்கு நம்மைவிட மூக்கு கூர்மை.

இவ்வளவுதான். நான் எதுவும் சொல்லவில்லை.

அலிக்

கெயின்ஹில்
19 மார்ச் 1917

என் அன்பான திருட்டு அலிக்குக்கு,

லாயத்து வாசல் நிலையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். எலியோ மரநாயோ, எதன் கொழுப்பையோ பூசியிருந்தது, குடலைப் பிடுங்கும் நாற்றம். பட்டையின் உள்பக்கமும் அதேதான். வினிகரும் சோடாவும் போட்டுத் தேய்த்தேன். டாலி கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி வெளியே வந்தாள், வருகிற வேகத்தில் என் காலையும் மிதித்தாள்.

கிழவரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். "சோடா டப்பா" என்றேன். குதிரை அசையாமலிருக்க அதைப் பூசியது அவர்தான் என்று புரிந்து, திட்டித் தீர்க்கத்தான் போனேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது எங்க வில்லி புடிச்ச கலப்பை, எல்ஸ்பெட். வேற யாரும் தொடறதப் பாக்க முடியல." போன வருஷம் சோம் ஆற்றங்கரைச் சண்டையில் செத்துப்போன அவர் பையன்தான். திட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் அவரே வந்து கலப்பையின் கொழுமுனையைச் சரிசெய்து கொடுத்தார்.

என் முதல் உழவுச் சால் குடிகாரன் நடந்த தடம் போல் இருந்தது. இப்போது பரவாயில்லை. பண்ணையாரும் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார்.

உங்கள் எல்ஸ்பெட்

மருத்துவமனை, லெய்த்
8 மே 1917

எல்ஸ்பெட்,

பயப்படாதே, உயிரோடு இருக்கிறேன். ஆனால் அராஸ் சண்டையில் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. சொல்ல ஒரு மாதமாகத் தைரியம் வரவில்லை. இனி கலப்பைக்குப் பின்னால் நடக்கிறவன் நான் இல்லை. உனக்கு நான் பாரம்தான். வருகிற சனிக்கிழமை ரயிலில் அனுப்புகிறார்கள். வந்ததும் அந்த வார்த்தையை உன் காதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அலிக்

கெயின்ஹில்
10 மே 1917

என் அன்பு அலிக்குக்கு,

உங்கள் கடிதத்தை லாயத்தில் உட்கார்ந்து படித்தேன். நன்றாக அழுதேன். பிறகு போய் டாலிக்குத் தீனி வைத்தேன்.

வார்த்தையை எனக்குச் சொல்ல வேண்டாம். வீடு போகும் என்று நான் பயந்து கெஞ்சியபோதே நீங்கள் காப்பாற்றிய சத்தியம் அது. இப்போது எதற்காக விட வேண்டும்? குதிரைக்காரர் என்று என் பெயரைச் சொல்லித்தான் பண்ணையார் அடுத்த வருஷத்துக்கும் வீட்டை எனக்கு விட்டிருக்கிறார். ஆகவே நீங்கள் குடியிருக்கப் போவது என் வீட்டில். சேணம் தைக்க வேண்டியது மலையாகக் கிடக்கிறது, கஞ்சியையும் நீங்கள்தான் கிண்ட வேண்டும். பாரமாம், பாரம். இன்னொரு தடவை அப்படி எழுதினால் நான் பேசவே மாட்டேன். எனக்கு நீங்கள் வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை வண்டியோடு நிலையத்தில் நிற்பேன். ஊர் பார்க்கப் பெண்டாட்டியைத் தொடுவது உங்களுக்குக் கூச்சம், தெரியும். இருந்தாலும் வண்டியில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் ஏர் பிடித்த தோள். தாங்கும்.

உங்கள் எல்ஸ்பெட்