கம்ப்யூட்டருக்கு எறும்பு வந்த சமாசாரம்

மந்தைவெளி,
சென்னை - 28.
11-10-1998

சௌபாக்கியவதி மஹதிக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் கபாலி தயவில் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சாதம் உள்ளே இறங்கும், ஆகையால் இதைப் படித்த கையோடு பதில் போடு. ராட்டர்டாமில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய், ஜெயராமுக்கு இருமல் என்றும் எழுதியிருந்தாய், இரண்டுக்கும் நடுவே அவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டதை மட்டும் எழுதவில்லை, அதை நானே ஊகித்துக்கொண்டேன். மிளகு அனுப்புகிறேன். இங்கே கொலு நன்றாக நடந்தது, மாடி வீட்டுக்காரர்கள் வந்து என் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் வீட்டுச் சுண்டலைப் பற்றியே பேசினார்கள், போகட்டும். நான் எழுத வந்தது வேறு விஷயம். உன் அப்பா வேலையை விட்டுவிட்டு வீட்டில் வந்து உட்காரப் பார்த்தார். நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரால் வந்தது. உனக்குத்தான் தெரியுமே, வெளிநாட்டுக்குப் போகிற காய், கீரை, பூ எதுவானாலும் இதில் பூச்சி இல்லை, நோய் இல்லை என்று அப்பா ஆபீஸில் சான்றிதழ் கொடுத்தால்தான் விமானத்தில் ஏறும். இத்தனை வருஷமாக அதற்கு ஒரு பெரிய ஃபாரம், நடுவே கார்பன் தாள்கள், அடியில் அப்பாவின் கையெழுத்து, அதன் மேல் வட்ட சீல். கையெழுத்துப் போடும்போது அவர் உட்காரும் தோரணையைப் பார்த்தால் ராஜ்யத்தையே எழுதிக் கொடுக்கிறார் என்று நினைப்பாய். இப்போது என்ன என்றால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்தால் டெலிபோன் கம்பி வழியாக நேரே அந்த நாட்டு ஆபீஸருக்குப் போய்விடுமாம், தாள் வேண்டாமாம், சீலும் வேண்டாமாம். முதலில் பரீட்சார்த்தமாக உங்கள் ஊருக்குப் போகும் சரக்குக்கு மட்டும் செய்து பார்ப்பதாகத் திட்டம். சாய்நாத் என்று ஒரு இன்ஜினீயர் பிள்ளை வந்து கண்ணாடி அறை கட்டி, ஏ.சி. வைத்து, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று போர்டும் மாட்டிவிட்டான். 'நம்மாத்து பூஜை ரூமுக்குக்கூட இவ்வளவு மடி கிடையாது' என்று அப்பா வீட்டுக்கு வந்து பொருமினார். 'கையெழுத்தும் வேண்டாம், சீலும் வேண்டாம்னா நான் எதுக்குடி, ஃபேன் சுத்தறதைப் பாக்கவா' என்று கேட்டுவிட்டு, நவராத்திரி ஆரம்பித்த அன்றைக்கே விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பணத்தை நினைத்து இல்லை மஹதி, அவரை நினைத்துத்தான். அவர் லீவில் வீட்டில் இருக்கும் நாட்களை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. காலையில் கூடத்தில் வெள்ளைத்தாளை விரித்து, கறிவேப்பிலைக் கொத்தை அதன் மேல் தட்டி, விழுந்ததை லென்ஸ் வைத்துப் பார்த்து முடித்த பிறகுதான் எனக்குத் தாளிக்க அனுமதி. அதற்குள் எண்ணெய் புகைந்துவிடும். மார்க்கெட்டில் முனியம்மாள் கடையில் கத்திரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து மொத்தக் கூடையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள், 'இன்னா சாமி, ஃபாரினுக்கா அனுப்பப் போறே, சாம்பார்ல போடத்தானே வாங்கினு போறே' என்று கேட்டாள், கடைத்தெருவே சிரித்தது. சமைத்து வைத்தால் அதிலும் குறை. அவியலில் காய் ஒரே அளவாக இல்லையாம், அப்பளம் ஒரு ஓரம் சிவந்துவிட்டதாம். ராத்திரி ஒரு வேளை என்றால் பொறுத்துக்கொள்ளலாம், மூன்று வேளையும் என்றால் நான் ஆதம்பாக்கத்தில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் ஆயுத பூஜை வந்தது. பூஜை ஏற்பாடெல்லாம் ஜவஹர் என்ற சூப்பிரண்டெண்டு. ஜீப்பு, லென்சுகள், தராசு, அப்பாவின் சீல் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. புதுக் கம்ப்யூட்டரை விட்டுவிட்டால் அது கோபித்துக்கொள்ளாதா. சாய்நாத் லீவில் போயிருந்தான், தடுக்க ஆள் இல்லை. டி.வி. மாதிரி இருக்கிற பெட்டிக்கு நெற்றியில் பொட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மேலே மாவிலைத் தோரணம். அடியில் இருக்கிற பெட்டி பலகை மாதிரி மட்டமாக இருந்ததால் வெல்லப்பாகு போட்ட பொரித் தட்டை அதன் மேலேயே நைவேத்தியம் வைத்துவிட்டார்கள். பூஜையில் வைத்ததை மறுபூஜை ஆகும் முன்னால் யாரும் தொடக்கூடாது என்று ஏ.சி.யை அணைத்து அறையைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். ஊர் உலகத்துச் செடியை எல்லாம் சோதிக்கிற ஆபீஸ் அது. வாசலில் வண்டியிலிருந்து இறக்கிய வாழைக்கன்றை ஒருத்தர்கூடச் சோதிக்கவில்லை. சாமிக்கு வந்தது ஆயிற்றே, அதில் எப்படிப் பூச்சி இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். உன் அப்பா உள்பட.

இதற்கு மேல் நடந்ததை எனக்குச் சொன்னது கரீமுல்லா. அவரை உனக்குத் தெரியும், ஈக்காட்டுத்தாங்கலில் கிடங்கு வைத்து முருங்கைக்காயும் வெற்றிலையும் ஏற்றுமதி செய்கிறவர், ரம்ஜானுக்கு நமக்குப் பேரீச்சம்பழம் அனுப்புவாரே. முதல் கம்ப்யூட்டர் சான்றிதழ் அவருடைய முருங்கைக்காய்க்குத்தான் என்று முடிவாகியிருந்தது. விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த அன்றைக்கு பெரிய அதிகாரி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார், உங்கள் ஊரில் ஓர் ஆபீஸர் கம்ப்யூட்டர் முன்னால் காத்திருக்கிறார், சரக்கு விமான நிலையத்தில் காத்திருக்கிறது. சாய்நாத் விசையைப் போட்டுவிட்டு முருங்கைக்காய் என்று ஆங்கிலத்தில் அடிக்க ஆரம்பித்தால் முதல் எழுத்து அமுங்கினது எழுந்திருக்கவில்லையாம், அந்த ஒரே எழுத்து திரை முழுக்க வரிசையாக ஓடிக்கொண்டே இருந்ததாம். தட்டிலிருந்து வழிந்த வெல்லப்பாகு முன்னால் இருந்த எழுத்துப் பலகைக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்புறம் எழுத்துக்கட்டைகளின் சந்திலிருந்து ஓர் எறும்பு வந்தது, அதன் பின்னால் அதன் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். சாய்நாத் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டானாம். வாழை இலையின் அடியில் மாவுப்பூச்சி வேறு.

பெரிய அதிகாரி அசடு வழிந்துகொண்டு, 'போகட்டும் சார், பழையபடி பேப்பர்லயே குடுத்துடுங்க, சீல் எடுத்துட்டு வாங்க' என்று அப்பாவிடம் சொன்னாராம். அப்பா ஜெயித்துவிட்டார், பார்த்தாயா. சீலை ஓங்கிக் குத்திவிட்டு ஜம்மென்று வீட்டுக்கு வந்திருக்கலாம். அவர் என்ன செய்தார் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வெள்ளைத்தாளை விரித்து, எழுத்துப் பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நம் வீட்டுக் கறிவேப்பிலையைத் தட்டுவது போலத் தட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, 'உயிருள்ள பூச்சி இருக்கு. இந்தச் சரக்கு ரிஜெக்டட். சிகிச்சை பண்ணி மறுபடி சோதனைக்குக் கொண்டுவாங்கோ' என்றாராம். பெரிய அதிகாரி, 'சார், அது சரக்கு இல்லை, கம்ப்யூட்டர்' என்றதற்கு, 'பூச்சி வந்துடுத்துன்னா அது நம்ம டிபார்ட்மெண்ட்தான். இருக்குன்னு தெரிஞ்சப்பறம் அப்படியே விட்டுட்டுப் போறது என் சர்வீஸ்ல கிடையாது' என்று சொல்லிவிட்டார்.

மருந்து அடித்தால் மெஷின் கெட்டுவிடும் என்று சாய்நாத் அலறினான். அப்பா வாழைக்கன்று, தோரணம் எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய் எரிக்கச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறக்க வைத்து, வராந்தாவில் ஒரு தட்டில் பெரிய வெல்லக்கட்டியை வைத்தார். எறும்புகள் யோசித்து யோசித்து வெளியே கிளம்பின. அந்தப் பெரிய அதிகாரியும், ஆபீஸ் மொத்தமும், கல்யாண ஊர்வலத்துக்கு வழிவிடுகிற மாதிரி ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். கரீமுல்லாதான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, 'இன்னா சார் இது, இதுங்களுக்கு ஃப்ளைட் டைம் தெரியுமா, கொஞ்சம் வெரசா போவச் சொல்லுங்க' என்று கெஞ்சியிருக்கிறார். சாய்நாத் எழுத்துக்கட்டைகளைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினான். அப்பா மறுபடி தட்டிப் பார்த்து, பாஸ் என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் தானே உட்கார்ந்து ஒற்றை விரலால் அந்தச் சான்றிதழை அடித்தாராம். குறிப்பு எழுதுகிற இடத்தில், என் பெண்ணும் உங்கள் ஊரில்தான் இருக்கிறாள் என்று ஒரு வரி அடித்திருந்தாராம். சாய்நாத் அதை அழித்துவிட்டு அனுப்பினான். கிடைத்தது என்று உங்கள் ஊர் ஆபீஸரிடமிருந்து பதில் வந்ததும் கரீமுல்லா அப்பாவைக் கட்டிக்கொண்டுவிட்டார். நீ கடையில் முருங்கைக்காய் வாங்கியிருந்தால் அது அப்பா விரலால் அடித்ததுதான்.

ஆனால் மஹதி, இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கரீமுல்லா கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாரே, அதற்காகத்தான் இத்தனை பெரிய கடிதம். சாயங்காலம் அப்பா பெரிய அதிகாரியிடம் போய் விருப்ப ஓய்வை வாபஸ் வாங்கிக்கொண்டாராம். ஏன் சார் மனசு மாறிட்டீங்க என்று அவர் கேட்டதற்கு அப்பா, 'இங்கேன்னா தினம் ஒரு குறை கிடைக்கும் சார். ஆத்துல போய் உக்காந்து என்ன பண்றது. அவகிட்ட ஒரு குறையும் கிடையாது. எனக்குப் பொழுதே போகாது' என்று சொன்னாராம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது, கரீமுல்லாவுக்குக் காபி கொடுக்கக்கூட மறந்துபோய் அப்படியே வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷர் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, இனிமேலும் சொல்லப்போவதில்லை. நானும் கேள்விப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை ரசத்தில் வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் போட்டேன். வாயில் வைத்ததும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஆபீஸ் வண்டி வருகிற வரைக்கும் அந்த உப்பைப் பற்றியே பேசிவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

நீ அப்பாவுக்குத் தனியாக எழுதும்போது இது எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, மாப்பிள்ளையிடமும் சொல்லி வை. அவர் இருமலைப் பார்த்துக்கொள்ளச் சொல். வெளியே போகும்போது காதைக் கட்டிக்கொண்டு போ, அந்த ஊர்க்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துக்கொண்டு, தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
சூடாமணி சுவாமிநாதன்