கை நின்ற நேரம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் இயந்திரத்தைத் தவிர இங்கே எல்லாரும் நலம்.

கடிதமா என்று சிரிக்காதீர்கள். ஆலை வாசலிலேயே கைப்பேசியை வாங்கிவைத்துக்கொள்கிறார்கள். உங்கள் அலுவலகத்துக்கு அழைத்தால் ஒரு பெண் "என்ன விஷயமா?" என்று நாலு தடவை கேட்கிறாள். வீட்டுக்கு அழைத்தால் அண்ணன் எடுத்து, சண்டை வந்துவிடுமோ என்று பேச்சை மாற்றுகிறான். அதனால்தான் தலைமை அலுவலகத்துக்கு வரும் வேன் ஓட்டுநரிடம் இதைக் கொடுக்கிறேன்.

நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் நீங்கள். எங்கள் சலவை ஆலையில் மேசைக்கு ஒரு ஸ்கேனர் வைத்தீர்கள், சுவரில் பெரிய திரை மாட்டினீர்கள். ஒரு மணி நேரத்தில் யார் எத்தனை விரிப்பு பிரித்தார்கள் என்று நாற்பது பெண்களுக்கும் அது வரிசை போடுகிறது. நேற்று மேலாளர் கடைசிப் பதினான்கு பேரின் பட்டியலை ஒட்டினார். மாதக் கடைசியோடு வேலை இல்லையாம். மோசமானவர்களில் எனக்கு மூன்றாம் இடம். பள்ளிக்கூடத்தில் வாங்காத இடம், அண்ணனிடம் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரி விரிப்புகள் எப்படி வரும் தெரியுமா? மடிப்புக்குள் ஊசி இருக்கும், கத்தரிக்கோல் இருக்கும். விரித்து, ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்துத்தான் தொட்டியில் போட வேண்டும். எங்கள் கை நின்றால் நாங்கள் தூங்குகிறோம் என்று உங்கள் திரை நினைக்கிறது. என் பக்கத்து மேசை அக்காவிடமிருந்து பதினோரு வருஷத்தில் ஓர் ஊசிகூடத் தப்பியதில்லை. பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

பதில் போடுங்கள்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 9

என் அன்புச் சின்னவளே,

கடிதம் கண்டேன். உன் கையெழுத்தைப் படிக்க அண்ணனைத் துணைக்கு அழைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடும் சாக்கில் எழுந்து போய்விட்டார். இரண்டு மாதமாக நீ வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு உண்டு.

மூன்று வருஷ உழைப்பு இந்தத் திட்டம். காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். எண்கள் யாருக்கும் சார்பாகப் பேசுவதில்லை. அதனால்தான் அவற்றை நம்புகிறேன்.

ஆனால் நீ கவலைப்படாதே. மேலாளரிடம் பேசிவிட்டேன். "நம்ம வீட்டுப் பொண்ணு, பாத்துக்கங்க" என்றேன். உன் பெயரை எடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 12

தொழில்நுட்பத் தலைவர் அவர்களுக்கு,

மேலாளர் இன்று என் பெயரை அடித்துவிட்டு, பதினான்காவதாக இன்னொருத்தி பெயரை எழுதினார். எண்ணிக்கை குறையக் கூடாதாம். அவள் யார் வீட்டுப் பெண்?

எல்லார் முன்னாலும் என் பெயரை நானே திரும்ப எழுதிவிட்டேன், அவள் பெயரை அடித்துவிட்டு. மேலாளர் பேனாவைத் திருப்பிக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

பதினான்கையும் எடுங்கள், இல்லையென்றால் என்னுடையதை விடுங்கள். எண்கள் சார்பாகப் பேசாது, சரிதான். எதை எண்ணுவது என்று முடிவு செய்தது நீங்கள். இந்தக் கூடத்துக்குள் ஒரு தடவையாவது கால் வைத்திருக்கிறீர்களா? ஒருநாள் வந்து என் மேசையில் நில்லுங்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு வேண்டாம்.

மேசை எண் 22

மார்ச் 20

சின்னவளே,

நேற்று உங்கள் கூடத்தில் நின்றதில் என் முதுகு இன்னும் நேராகவில்லை. இன்று இயக்குநர்கள் கூட்டம். அங்கே நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தத் திரையின் புகைப்படத்தைக் காட்டினேன். நாற்பது பேரையும் முந்தி, மணிக்கு இருநூற்றுப் பத்து விரிப்பு பிரித்து, முதல் இடத்தில் நான். இயக்குநர்கள் கைதட்டினார்கள். ஒருவர், "உங்களயே அங்க போட்டுரலாம் போலருக்கே" என்றார். எனக்கும் நேற்று மதியம்வரை பெருமையாகத்தான் இருந்தது என்றேன்.

பிறகு பெட்டியைத் திறந்தேன். எனக்குப் பின்னால் நின்று, நான் போட்ட ஒவ்வொரு விரிப்பையும் உன் பக்கத்து மேசை அக்கா மறுபடி தடவிப் பார்த்தாரே, அவர் எடுத்ததையெல்லாம் மேசைமேல் வரிசையாக வைத்தேன். ஐந்து ஊசி, இரண்டு கத்தரிக்கோல், ஒரு பல்செட்டு. பல்செட்டைப் பார்த்ததும் நிறுவனத் தலைவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். துவைத்து மடித்து இன்னொரு நோயாளியின் படுக்கைக்கு இவை போயிருக்கும், இதைச் செய்தவளுக்கு நம் திரை முதல் பரிசு கொடுக்கிறது என்றேன்.

"யார் போட்ட கணக்கு இது?" என்று கேட்டார் தலைவர்.

"நான் போட்டது. கூடத்தையே பாக்காம போட்டேன்."

அப்படிச் சொல்ல வாய் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. சொன்ன பிறகு மூச்சு நன்றாக வந்தது.

பட்டியல் ரத்து. பதினான்கு பேரும் இருக்கிறார்கள். ஸ்கேனர் இருக்கும், ஆட்களை வரிசை போடுவது இருக்காது. எந்த ஆஸ்பத்திரி மூட்டையில் ஊசி அதிகம் வருகிறது என்று அது எண்ணட்டும், அந்த ஆஸ்பத்திரியைப் போய்க் கேட்கலாம். இது அக்காவின் யோசனை. மூன்று வருஷமாக என் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இனி எதை எண்ணுவது என்று முடிவு செய்ய ஆறு பேர். அதில் மூன்று பேர் உங்கள் கூடத்திலிருந்து. திங்கட்கிழமை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்தில் முதல் கூட்டம். இயக்குநர்களும் வருகிறார்கள்.

உன் பெயரை மட்டும் எடுக்கச் சொன்னேனே, அது தப்பு. மன்னித்துக்கொள்.

அண்ணி

மார்ச் 23

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைக் கூடத்தின் நடுவில் நின்று சத்தமாக வாசித்தேன். பல்செட்டு வந்த இடத்தில் மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். மூன்று முறை வாசித்தேன். பட்டியல் ரத்து என்றதும் அக்கா நேராகப் போய்ச் சுவரிலிருந்து அந்தத் தாளைக் கிழித்தார். கிழித்தவர் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை. அவருக்குச் சிரிப்பு வரும் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி.

மன்னிப்பெல்லாம் ஆயிற்று. ஆனால் அண்ணி, ஒரு ஆள் போட்ட தப்பைக் கண்டுபிடிக்கப் பதினான்கு பேர் இருபது நாள் தூக்கம் கெட்டுக் கிடந்தார்கள். அதையும் எங்காவது எழுதி வையுங்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து அக்கா, நான், மேலாளர் பதினான்காவதாக எழுதினாரே, அவள். மூன்று பேரும் வருகிறோம். ஆனால் அங்கே வர மாட்டோம். காலை பத்து மணிக்குத்தான் மூட்டைகள் வந்து இறங்கும். கூட்டம் இங்கேயே நடக்கட்டும், மேசைகளுக்கு நடுவில்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன். நிறையச் சமையுங்கள், சண்டை பாக்கி இருக்கிறது.

இங்கே நாற்காலி கிடையாது. இயக்குநர்களை வசதியான செருப்பு போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்