பூட்டிய ஜீப்பில் வளைந்த தாங்கி

அன்பு மகள் லூல்வாவுக்கு அப்பா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையில் குவைத்தில் நாங்கள் சுகம். கிளாஸ்கோவில் உன் இருமல் நின்றுவிட்டதாக அம்மாவிடம் சொன்னாயாம், நான் நம்பவில்லை, டாக்டரைப் பார். போனில் பேசினால் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு கதையைத் தன் இஷ்டத்துக்குச் சொல்லிவிடுவாள் என்றுதான் இந்தக் கடிதம். கூடவே கோணல்மாணலாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதே, அது சாட்சி.

நீ இங்கே விட்டுப்போன ரிமோட் காருக்கு நீயே வரைந்து, 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக்கால் வார்த்து இரண்டு பேட்டரித் தாங்கிகள் அனுப்பினாயே, ஒன்றைப் பொருத்தினேன், பேட்டரி கச்சிதமாக உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை காரை ஜீப்பில் பூட்டிவைத்து, ஜும்ஆ தொழுது, உன் சித்தப்பா வீட்டில் மச்பூஸ் சோறும் சாப்பிட்டுவிட்டுத்தான் மணல்மேட்டுப் பந்தயத்துக்குப் போனேன். அங்கே எதிர்வீட்டு அபூ பர்ஜஸ் காரைத் தூக்கிப் பார்த்து, "என்னய்யா அபூ லூல்வா, பேட்டரி லொடலொடங்குதே, இதை நம்பியா மேட்டுல ஏத்தப் போற?" என்றான். இரண்டாவது மேட்டில் கார் எகிறியதும் பேட்டரி கம்பியோடு பிய்த்துக்கொண்டு பறந்தது. ஜெயித்தது யார் கார்? அவனுடையது. பறக்கப்போவது இவனுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? அலுமினியத் தகடு வெட்டி, ரப்பர் ஒட்டி, தன் தாங்கியைத் தானே செய்துகொள்கிறவன், உன் வேலையைப் பார்த்து வயிறெரிந்து எதையோ தளர்த்திவிட்டான் என்று முடிவுகட்டி, அத்தனை பேர் முன்னால் "கை வச்சது நீதான்யா" என்று கத்திவிட்டேன். அவன் தனக்கு ஊற்றிவைத்திருந்த டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான். முப்பது வருடச் சிநேகிதம், மூன்று வாரமாக முகம் பார்க்கவில்லை. நான் விட்டுக்கொடுப்பேனா?

இரண்டாவது தாங்கியை வீட்டில் வைக்க மனசு வரவில்லை. நம் டிரைவர் அவன் டிரைவரோடு சிரித்துப் பேசுகிறான், உன் அம்மா அவன் மனைவிக்குப் பலகாரம் அனுப்புகிறாள், யாரை நம்புவது? யாராவது தளர்த்தினால் தெரியட்டும் என்று பேட்டரி அளவுக்கு ஒரு மரக்கட்டையைத் தாங்கியில் இறுக்கிக் கட்டி, ஜீப்பிலேயே பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன், குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. நாலாம் நாள் மத்தியானம் திறந்தால் கட்டை ஒரு பக்கம் சாய்ந்து கிடக்க, தாங்கி மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி தொய்ந்திருந்தது. ஒரு நிமிடம் உன் அம்மாவையே சந்தேகப்பட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். அவள் ஜீப் கதவைத் தொட்டுச் சூடு தாங்காமல் கையை உதறிக்கொண்டு, "ஊரையே வெளிய நிறுத்திட்டு வெயிலை உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்களே!" என்று சிரித்தாள். அந்த வெள்ளிக்கிழமையும் நான்தானே காரை ஜீப்பில் பூட்டிவைத்தேன்.

பந்தயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கூடியிருந்த நேரமாகப் பார்த்து அவன் வீட்டு விருந்தாளிக் கூடமான திவானியாவுக்குப் போனேன். வளைந்த தாங்கியை நடுவில் வைத்தேன். காப்பிக் கிண்ணத்தை வாங்கிக் குடிக்காமல் தரையில் வைத்தேன், கேட்டு வந்தவன் கேட்டது கிடைத்த பிறகுதானே குடிப்பது நம் வழக்கம். தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றேன். அபூ பர்ஜஸ் தாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "குடிய்யா, ஆறிப்போகுது. உன் பொண்ணு வேலையில ஒரு குறையும் இல்ல. நம்ம வெயில்தான் அவளுக்கு மறந்துபோச்சு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே காப்பியைக் குடித்தேன், ஆனால் 'மறந்துபோச்சு' என்ற அந்த வார்த்தை என்னோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது மகளே.

அடுத்ததை நைலானில் செய் என்கிறான் அவன். கார்பன் தகடு வேண்டவே வேண்டாம், அதன் விளிம்பு பேட்டரி உறையைக் கிழித்தால் தகட்டிலேயே மின்சாரம் பாய்ந்து தீப்பிடிக்கும். எதில் செய்தாலும் பூட்டிய ஜீப்பில் ஒரு பகல் வைத்துப் பார்க்காமல் நம்பாதே. அந்த ஜீப் இங்கேதான் நிற்கிறது. நாலு வருடமாகச் சூடில்லாத டிசம்பரில் மட்டுமே வந்துவிட்டுப் போகிறாய். டிரைவரைச் சந்தேகப்பட்டேன், சிநேகிதனைச் சந்தேகப்பட்டேன், உன்னிடம் கேட்கவேண்டியதை மட்டும் பயந்துபோய்க் கேட்காமலே இருந்தேன். திரும்பி வரும் எண்ணம் உனக்கு இருக்கிறதா? இந்தத் தடவை ஆகஸ்டில் வா.

அல்லாஹ் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பானாக. இருமல் மருந்தை மறக்காதே.

இப்படிக்கு உன் அப்பா,
அபூ லூல்வா
(லூல்வாவின் அப்பா. இந்த ஊரில் எனக்கு வேறு பேர் கிடையாது.)