நூலில் கட்டிய பென்சில்

அண்ணை,

இன்று காலை ஆர்ச்வே பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்குச் சீட்டை விரித்தபோது, நூலில் கட்டித் தொங்கிய அந்தக் கட்டைப் பென்சில் கையில் பட்டது. அவ்வளவுதான். கண்ணீர் மறைத்து, எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவதென்று தெரியாமல் நின்றுவிட்டேன். பக்கத்துத் தடுப்பில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி, "ஆர் யூ ஆல்ரைட், லவ்?" என்று கேட்டாள். அவளிடம் எதைச் சொல்வேன்?

முதன்முதல் என்னை இங்கே இழுத்து வந்தவர் நீங்கள். எண்பத்தேழாம் ஆண்டுத் தேர்தல். பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்து, நாமிருவரும் இருந்த அறையில் போர்வைக்குள் கிடந்தேன். வாக்காளர் அட்டையை முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். நேபாளத்தில் அரசர் கட்சிகளைத் தடைசெய்தபோது எதிர்த்து நின்று, சிறையில் இளமையைத் தொலைத்துவிட்டு இலண்டனுக்கு வந்த தலைவர் நீங்கள். உங்களுக்கு இங்கேயும் வாக்கு இல்லை. இலங்கை கொமன்வெல்த் நாடு என்பதால், ஒன்றுமே செய்யாத எனக்கு இருந்தது. நாம் பேசியது அரைகுறை ஆங்கிலம்தான். ஆனால் நினைவில் எல்லாம் எங்கள் ஊர்த் தமிழாகவே கேட்கிறது.

"எழும்பு தம்பி! வோட்டை வைச்சுக்கொண்டு நித்திரை கொள்ளுறியோ?"

"விடுங்கோ அண்ணை. வோட்டுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போற ஊரில இருந்து வந்தனான் நான்."

"அதுக்காகத்தான் சொல்லுறன். எழும்பு!"

மழையில் நனைந்துகொண்டு வாசலில் நின்றீர்கள். கதவிடுக்கால் எட்டிப் பார்த்துவிட்டுத் துள்ளினீர்கள். "பென்சிலோ? அழிச்சுப் போடுவாங்களடா! நல்லா அழுத்திப் போடு. ஏலுமெண்டால் என்ர வோட்டையும் சேர்த்துப் போடு."

"அது கள்ள வோட்டு அண்ணை. எங்கட ஊர் வேலை."

தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தீர்கள். யாருக்குப் போட்டேன் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிக் கதிரைகள் காலியாகக் கிடக்கும் மண்டபங்களில், ஊரே திரண்டிருப்பதுபோலப் பேசுவீர்கள். பிறகு சிறுநீரகம் பழுதானது. கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரி மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டி வந்தது. குழாய்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டும் நர்ஸ்மாருக்கு நேபாள அரசியல் சொன்னவர் நீங்கள்.

தொண்ணூறில் உங்கள் சனம் தெருவில் இறங்கியது. அரசர் பணிந்தார். அடுத்த வருடம் தேர்தல் என்றதும் பெட்டி கட்டத் தொடங்கினீர்கள். டொக்டர் ஒளிக்காமல் சொன்னார், மெஷின் இல்லாத மலைக் கிராமத்துக்குப் போனால் திரும்ப மாட்டீர்கள் என்று. உங்கள் வாக்கோ அந்தக் கிராமத்தில்தான் இருந்தது.

நான் கெஞ்சினேன். காலைப் பிடிக்காத குறை. "உயிரோட இருந்தால் அடுத்த தேர்தலில போடலாம்தானே?"

"முந்தி ஒருக்கா எங்கட நாட்டில தேர்தல் நடந்தது தம்பி. எனக்கு அப்ப வயசு காணாது. சரி, அடுத்ததில போடுவம் எண்டிருந்தன். அடுத்தது வர முப்பது வருசத்துக்கு மேல போச்சு."

ஹீத்ரோவுக்கு நான்தான் பெட்டியைத் தூக்கி வந்தேன்.

உங்கள் தம்பி தொலைபேசியில் சொன்னார். வாகனம் ஏறாத மலைப்பாதையில், நடக்கமுடியாத உங்களைக் கூடையில் இருத்தி, ஒருவர் முதுகில் சுமந்து போனாராம். தூரத்தில் ஊர் தெரிந்ததாம். வாக்களிப்புக்கு முதல் நாள் பின்னேரம், அந்தக் கூடைக்குள்ளேயே உங்கள் மூச்சு நின்றதாம். ஒரு நாள். ஐயோ, ஒரேயொரு நாள் அண்ணை! ஹைகேட் முருகன் கோயில் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஐயர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இத்தனை வருடமாகியும் நெஞ்சு ஆறவில்லை. எங்கே போய் முறையிடுவது?

கவுன்சில் தேர்தலைக்கூட நான் விடுவதில்லை. இன்றும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பென்சில் முனை முறியும்வரை அழுத்திப் புள்ளடி போட்டேன். வெளியே வந்து, நீங்கள் நனைந்து நின்ற இடத்தைப் பார்த்து, "போட்டிட்டன் அண்ணை" என்றேன்.

என்னுடையதை மட்டும்தான். அவர்கள் தந்தது ஒரு சீட்டு. உங்களுடையதைப் போட எனக்கு வழியே இல்லை.