இரண்டாவது தாள்

புதுச்சேரி,
18.11.2007

அன்புள்ள குழலிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பாரிஸில் குளிர் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். இங்கே மூன்று நாளாக மழை. லாஸ்பேட்டையில் தண்ணீர் நிற்பதால், ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டுதான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறேன்.

உன் அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். பிடித்துக்கொண்டால் வாசல் வரை நடக்கிறார். பேச்சு மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். தான் வேலை பார்த்த மில் பற்றி ஏதாவது வந்தால், இடது கையால் தாளைத் தட்டி இன்னொரு முறை படிக்கச் சொல்கிறார்.

அன்று நான் டியூட்டியில் இருந்தது அப்பாவின் அதிர்ஷ்டம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அப்பா கடைசியாக என்ன பேசினார் என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

அன்று காலை எட்டரைக்கு அப்பாவின் கையிலிருந்து டீ கிளாஸ் விழுந்தது. உன் அம்மா ஆட்டோவில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தபோது ஒன்பதரை. டாக்டர் விஜயராகவன் பார்த்ததுமே, இது பக்கவாதம், மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, உடனே அனுப்புங்கள் என்றார். ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றது. ஆனால் எங்கள் வழக்கம் வேறு. கேஸ் ஷீட்டை ரிஜிஸ்டரில் ஏற்றி, ரெஃபரல் கடிதம் எழுதி, மாடியில் ரவுண்ட்ஸில் இருக்கும் பெரிய டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, சீல் வைத்த பிறகுதான் நோயாளியை அனுப்புவோம்.

எழுதுவது என் வேலை. கடிதத்தில் ஒரு வரி தப்பாகிவிட்டது. அடித்துத் திருத்திய கடிதத்தை அனுப்ப மனம் வராமல், தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். கல்லூரியில் என் நோட்டைத்தானே எல்லோரும் வாங்கிப் போவீர்கள். அந்தப் பெருமை.

அப்பா என் மேசைக்கு எதிரே வீல்சேரில் இருந்தார். நாக்கு குழறியது. ஆனாலும் எனக்குப் புரிந்தது. "எழுத்து முத்து முத்தா இருக்குதும்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசி யாரும் கேட்கவில்லை.

வண்டி கிளம்பும்போது பத்தரை. அங்கே யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஸ்கேனுக்குக் காத்திருந்து படம் வந்தபோது பதினொன்று நாற்பது. பத்து நிமிடம் தாண்டிவிட்டது. ஊசி போட்டிருந்தாலும் பேச்சு திரும்பியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அதில் ஆறுதல் தேடிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது தாளுக்கு மட்டும் கால் மணி நேரம் ஆனது, குழலி.

பிறகு டாக்டர் விஜயராகவனிடம் எல்லாவற்றையும் சொல்லி, இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும் என்றேன். காகிதம் இல்லாமல் அனுப்பினால் நம்மைத்தான் திட்டுவார்கள் என்று மேனேஜர் ஒரு மாதம் இழுத்தார். டாக்டர் விடவில்லை. இப்போது முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு போன். நோய் கண்ட நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து, ஆளை அனுப்பிவிடுகிறோம். மற்றதெல்லாம் பின்னால் ஃபேக்ஸில் போகும். போன வாரம் குருசுக்குப்பத்தில் மீன் விற்கும் பாக்கியலட்சுமி அம்மா வந்தார். பன்னிரண்டு நிமிடத்தில் வண்டி கிளம்பியது. ஊசி போட்டுவிட்டார்களாம். அந்தச் சீட்டில் என் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தது.

உன் அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

நீயும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். கோபமாக இருந்தாலும் எனக்கு எழுது. யோசித்து, திருத்தி, நல்ல தாளில் எழுத வேண்டாம். கைக்கு வந்தபடி எழுதி, அன்றைக்கே தபாலில் போட்டுவிடு.

உன்,
மாலா