லிண்டே கடையின் ஜன்னலோரம்

ஹாகன், ஜேர்மனி,
நவம்பர், ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் சயந்தினிக்கு,

மெல்பேர்னில் நீயும் மதீசனும் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் ஆண்டவர் காவலில் சுகமாக இருக்கவேண்டும் என்று மன்றாடிக்கொண்டு அப்பா எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் என்னோடு கோபம், படி இறங்கும்போது அது தனியாகக் கதைக்கிறது. பிள்ளை பிறக்க முன்னம் வந்து நில்லுங்கோ, இனி அங்கை தனிய இருந்து என்ன செய்யப்போறியள் என்று போன கிழமை நீ கேட்டாய். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. நெட்வேர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன். நெட்வேர்க் நன்றாகத்தான் இருந்தது. பதிலைப் போனில் சொன்னால் நீ இடையில் அழுவாய், அல்லது நான் அழுவேன், அதனால்தான் கடிதம்.

கீழ்வீட்டுச் சுலோஜனா அக்கா ஆட்டிறைச்சிக் கறி வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் கதவடியில் வைக்கிறா, பட்டினி கிடக்கிறேன் என்று கவலைப்படாதே. மரித்தவர்களுக்கான பூசைக்குப் போய் அம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினேன். கல்லில் பேர்பெச்சுவா என்ற பெயரை மழைத்தண்ணீர் போகத் துடைத்தேன். ஆனால் மகள், உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு அவள் இருப்பதாகத் தோன்றுவதே இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறர் வீட்டு வாசலில் நின்றவனைப் போலத் திரும்பி வருகிறேன். அவள் வேறு இடத்தில் இருக்கிறாள். அந்த இடத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், பைத்தியம் என்று நினைக்காமல் கடைசிவரை வாசி.

நாங்கள் ஜேர்மனிக்கு வந்த புதிதில் எங்கள் அன்ட்ராக், அதுதான் அகதி விண்ணப்பம், முடியும்வரை வேலை செய்ய விடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அப்போது நானும் என்னோடு விடுதியில் இருந்த தபோதரனும் சனிக்கிழமை பின்னேரங்களில் கையில் ரோசாப்பூக்கட்டோடு க்னைப்ப க்னைப்பயாகப் போய் விற்றோம். க்னைப்ப என்றால் இப்போதுள்ள பெரிய பார் இல்லை, தெருவுக்குத் தெரு இருந்த சின்னப் பியர்க்கடைகள், உருக்காலை விட்டு வருகிறவர்கள் தங்கள் தங்கள் கதிரையில் இருந்து குடிக்கிற இடம். கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு மேசையாகப் பூவை நீட்டவேண்டும், ஒவ்வொரு மேசையிலும் வேண்டாம் என்பார்கள், சிரித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகவேண்டும். இந்த ஊரில் எந்தக் கடையிலும் எனக்குத் தெரியாத மூலை இல்லை, ஆனால் ஒன்றிலும் நான் உட்கார்ந்ததில்லை. ஆங்கர் கடையில் வில்லி என்று ஒரு மனுசன் இருந்தார், அவர் மட்டும் ஒவ்வொரு சனியும் ஒரு பூ வாங்குவார். அதை எதிரே ஒரு வெறும் கிளாசில் வைத்து, எதிர்க்கதிரையைப் பார்த்துக்கொண்டு குடிப்பார். நானும் தபோதரனும் வெளியே வந்து சிரிப்போம். இப்போது சிரிப்பு வருவதில்லை.

அம்மாவுக்கு அகதிகள் விடுதியில் தனியே இருக்கப் பயம், அதனால் என்னோடு வந்துவிடுவாள். உன்னை ஐந்து மாதம் வயிற்றில் வைத்துக்கொண்டு லிண்டே கடைக்கு வெளியே பனியில் நின்றவளை, கடைக்காரி ஹெல்கா கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். ஹீட்டருக்கு மேலே ஜன்னலோர நீள வாங்குப் பலகையில் இருத்தி, தேன் விட்ட சுடுபால் கொடுத்தாள். அதன்பிறகு சனிக்கிழமைகளில் அந்த இடம் அம்மாவுக்குத்தான். அந்தக் கடைக்கு நீயும் ஒரு வாடிக்கைக்காரிதான், தெரிந்துகொள்.

ஒரு விசயம் எனக்கு அப்போது பெரிய மனவருத்தம். கடைகளுக்குள் நான் போகிற நேரம் மேசையில் டொக் டொக் என்று தட்டுவார்கள். என்னைப் போ என்று தட்டுகிறார்கள் என்று நினைத்து எத்தனையோ தடவை பூவை நீட்டாமலே திரும்பியிருக்கிறேன். அம்மாதான் உள்ளே இருந்து பார்த்துவிட்டு, இஞ்சருங்கோ, அது கலைக்கிறதில்லை, வாற ஆக்களும் போற ஆக்களும் எல்லாருக்கும் ஒரேயடியா வணக்கம் சொல்லுறது என்றாள். அன்றிலிருந்து எங்களுக்குள் அது ஒரு வழக்கமாகிவிட்டது. பூ முடிந்ததும் நான் லிண்டே ஜன்னலில் வெளியிலிருந்து இரண்டு தட்டுத் தட்டுவேன், அவள் உள்ளிருந்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழும்பி வருவாள். நான் தட்டாமல் வரவே மாட்டாள்.

உருக்காலை போன பிறகு கடைகளும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. குடித்தவர்கள் செத்துப்போனார்கள், பிள்ளைகள் வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். ஆங்கர் இப்போது நகம் பூசுகிற கடை. அதற்கு எதிரே இருந்தது பந்தயம் கட்டுகிற கடை. ஹெல்கா கண்ணை மூடினபின் லிண்டேயைப் பூட்டி, ஜன்னலுக்கு மண்ணிறத் தாள் ஒட்டிவிட்டார்கள்.

அம்மா எங்களை விட்டுப் போன மாரிகாலத்தை நீ மறந்திருக்கமாட்டாய். கொரோனாக் காலம், என்னை ஆஸ்பத்திரிக்கு உள்ளே விடவில்லை. நான் கார் நிறுத்துகிற இடத்தில் நின்று மூன்றாம் மாடியில் அவளுடைய ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கைக்கு எட்டாத ஜன்னல், மகள். தட்ட முடியவில்லை.

அதன்பிறகுதான் சனிக்கிழமை பின்னேரங்களில் பழைய வழியால் நடக்கத் தொடங்கினேன். உனக்குச் சொல்லவில்லை. நகக்கடையைத் தாண்டும்போது பியரும் புகையும் மணக்கிறது, இடதுகை பூ பிடிக்கிற மாதிரித் தானாக மடங்குகிறது, வேண்டாம் என்ற சொல்லுக்கு முகம் தயாராகிறது. சொல்லத்தான் ஆளில்லை. லிண்டேயில் தாள் கிழிந்த மூலையில் ஒருநாள் பார்த்தேன், கண்ணாடி உட்புறமாக மூச்சுப்பட்டதுபோல மங்கியிருந்தது, நடுவில் சட்டைக்கையால் துடைத்த மாதிரி ஒரு வட்டம். அம்மா அப்படித்தான் துடைத்துவிட்டு வெளியே பார்ப்பாள். தபோதரனிடம் சொன்னேன். அண்ணை, அது பூட்டிக் கிடக்கிற வீட்டு ஈரம், நீங்கள் இனிப் பேய்க்குப் பூ விக்கப் போறியளோ என்று பகிடி பண்ணினான். ஈரமாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் ஒவ்வொரு கிழமையும் போனேன், தட்டாமல் திரும்பி வந்தேன். தட்டிப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நான் உன்னிடம் வந்துவிட்டால் அவளைக் கூட்டிப்போக யார் வருவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிது. உனக்கு நான் பதில் சொல்லாததற்குக் காரணம் இதுதான், வேறொன்றும் இல்லை.

நேற்றுப் போனால் லிண்டேயைச் சுற்றிக் கம்பிவேலி. இடித்துவிட்டு மாடிவீடு கட்டப்போகிறார்களாம். ஜன்னல் தாளை எல்லாம் உரித்துவிட்டார்கள். கல்லறைக்கென்று வாங்கிய ஒரு ரோசாப்பூ கையில் இருந்தது. இனித் தட்டாவிட்டால் தட்ட ஜன்னலே இருக்காது என்று நினைத்து, வேலி இடைவெளியால் போய் இரண்டு தட்டுத் தட்டினேன். உள்ளிருந்து இரண்டு தட்டுக் கேட்டது. பிறகு கதவு திறந்து, உடம்பெல்லாம் தூசியோடு சுத்தியலும் கையுமாக ஒரு வேலையாள் எட்டிப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டான். வேறு எதுவும் வாயில் வரவில்லை, மனைவியைக் கூட்டிப்போக வந்தேன் என்று சொல்லிவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான், பூவைப் பார்த்தான், தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வழி விட்டான். நிலம் உடைந்து கிடக்கிறது, பார்த்து வாருங்கள் என்று மட்டும் சொன்னான்.

மேசை இல்லை, கதிரை இல்லை. சுவரோடு பூட்டிய வாங்கு மட்டும் அப்படியே இருந்தது. அதில் போய் இருந்தேன், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு க்னைப்பயில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால், மகள், ஆங்கர் மூலையிலிருந்து முழுத் தெருவும் தெரிகிறது. நான் ஒவ்வொரு கதவாலும் நுழைந்ததையும், அதே பூக்கட்டோடு தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்ததையும் அவள் ஒவ்வொரு சனியும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இன்று நல்ல வியாபாரம் என்று நான் பொய் சொல்லும்போதெல்லாம், ஓம் என்று தலையாட்டினாள். அந்த வாங்கில் இருந்து நான் நன்றாக அழுதேன், அந்த வேலையாள் சுத்தியலைத் தொடவில்லை.

பிறகு பூவை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, போகிற ஆள் தட்டுகிற மாதிரி வாங்கில் இரண்டு தட்டுத் தட்டி, வாருமப்பா, போவம், பிள்ளை பாத்துக்கொண்டு இருக்கிறாள் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். பஸ் தரிப்பிடம்வரை நடைபாதையின் ஓரமாக, பக்கத்தில் இடம் விட்டு நடந்து வந்தேன். வீட்டில் இரவு நல்ல நித்திரை.

ஆகவே என் பதில் ஓம். வாறன். நீ பாரம் தூக்காதே, தூரக் கார் ஓட்டாதே, மதீசன் சமைத்தால் குறை சொல்லாமல் சாப்பிடு. பிள்ளைக்குப் பெயரை அவசரப்பட்டு வைக்கவேண்டாம். ஆண்டவரும் மாதாவும் உங்கள் மூவரையும் கைவிடாமல் காக்கட்டும்.

டிக்கெட் எடுக்கும்போது ஒன்றை மறக்காதே, ஜன்னல் ஓரமாகப் பார்த்து எடு. எனக்கு எந்த இடம் என்றாலும் பரவாயில்லை, அம்மாவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வரவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா