எதிர்வீட்டு மாடு

12.6.1986, வியாழன்

மேடவாக்கத்தில் இன்று பொடி கொடுக்க ஆரம்பித்தோம். தாம்பரத்தில் பஸ் ஏறி அங்கே போய் இறங்குவதற்குள் புடவையும் கசங்கி மூடும் கெட்டுவிட்டது.

தெருவில் கிழக்குப் பக்கத்து மாடுகளுக்குத் தாது உப்புப் பொடி. மேற்குப் பக்கத்துக்கு ஒன்றும் கிடையாது, பார்த்து எழுதிக்கொள்வதோடு சரி. இரண்டையும் ஒப்பிட்டால்தான் பொடியால் மாடு சினை பிடிக்கிறதா என்று தெரியும். பிடித்தால் எல்லா வீட்டுக்கும் பொடி தருவதாகப் பால் சங்கம் சொல்லியிருக்கிறது. இங்கே சினை நிற்காத மாடுகள் ஒவ்வொன்றாக அடிமாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பால் விற்றுத்தான் இவர்களுக்குச் சாப்பாடு.

பச்சையம்மாவுக்குப் பொடி உண்டு. எதிர்வீட்டுக் கங்கையம்மாளுக்கு இல்லை. எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாள். அடுத்த வருஷம் வரும் என்று மழுப்பினேன். உன் மாடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் என்று ஒருத்தி முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

3.7.1986

எங்கள் ஆராய்ச்சி நிலையத் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் சாருக்கு ஒரே கவலை. பொடி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கைமாறிவிட்டால்? வாய்ப்பே இல்லை என்றேன். எருக்குழித் தகராறில் இரண்டு பக்கமும் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. ஆடிக் கூழ்கூடத் தனித்தனியாகத்தான் ஊற்றுகிறார்கள். அதற்காகத்தானே இந்தத் தெருவைப் பொறுக்கி எடுத்தேன். சார் சிரித்துவிட்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

20.9.1986

மழை. பஸ் இல்லை. போகவில்லை.

14.3.1987

கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. போன வருஷத்துக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தேவலை. ஆனால் இரண்டுக்கும் நடுவே வித்தியாசமே இல்லை. மழை நன்றாகப் பெய்தது, பசும்புல் கிடைத்திருக்கும், அதுதான் காரணம் என்கிறார் சார். பொடியால் தனியாகப் பயன் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அறிக்கை பால் சங்கத்துக்குப் போய்விட்டது.

2.4.1987

இனிமேல் பொடி வராது என்று சொல்லத்தான் போனேன். முதலில் ஓடிவந்தது கங்கையம்மாள். மாடு இப்போதுதான் தேறி வருகிறது, நிறுத்தாதீங்க என்று அழாத குறை. உன் மாட்டுக்கு நாங்கள் எங்கே கொடுத்தோம் என்றேன். அவள் பச்சையம்மாவைப் பார்த்தாள்.

அப்புறம்தான் வெளியே வந்தது. பொடி வந்த அன்றைக்கெல்லாம் பச்சையம்மா பாதியைக் கொட்டாங்கச்சியில் போட்டு எதிர்வீட்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல். தெரு முழுக்க இதே கதைதான்.

"பேசறதில்லதான்" என்றாள் பச்சையம்மா. "அதுக்கு அந்த வாயில்லா ஜீவன் இன்னா பண்ணும்மா?"

எனக்கு என்ன வந்ததோ. கத்திவிட்டேன். யாரைக் கேட்டுக் குடுத்தே, உன்னாலதான் எல்லாம் பாழாப்போச்சு, தெருவுக்கே பொடி வராம பண்ணிட்டியே — எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

3.4.1987

ஒரு பக்கம் ஏன் வெறுமனே இருக்கணும்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ புரிஞ்சுண்டிருக்க மாட்டாளா? சொல்லாதவள் நான். திட்டு வாங்கினவள் அவள். படிப்பு வேற கேடு எனக்கு. சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடி செய்ய இப்போது வழியில்லை, எழுதிப் போடு, பார்க்கலாம் என்றார்.

அடுத்த வாரம் போய் பச்சையம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

30.4.1987

போகவில்லை. வேலை. வேலையாவது ஒன்றாவது, வெட்கம்.

18.1.1990

மூன்று வருஷம் கெஞ்சி இரண்டாவது ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கியாயிற்று. வேறு ஊர் பார் என்றார் சார். அதே தெருதான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். தெருவில் மாடுகள் பாதியாகக் குறைந்திருக்கின்றன.

இந்தத் தடவை எல்லோரையும் உட்காரவைத்து ஏன், எதற்கு என்று விளக்கினேன். பகிர்ந்துகொண்டால் இந்த முறையும் யாருக்கும் கிடைக்காது என்றேன். வீடுவீடாகச் சீட்டுப் போட்டதில் கங்கையம்மாளுக்குப் பொடி விழுந்தது. பச்சையம்மாவுக்கு இல்லை. சரிம்மா என்று தலையாட்டினாள். பழையதைப் பேச வாயெடுத்தேன். சுற்றிலும் ஆட்கள். விட்டுவிட்டேன்.

8.2.1991

வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. பொடி தின்ற மாடுகளில் முக்கால்வாசி சினை. தின்னாதவை அப்படியே கிடக்கின்றன. சார் கை கொடுத்தார், ஆபீஸில் ஜாங்கிரி கொடுத்தோம். பால் சங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது. இனி எல்லா வீட்டுக்கும் பொடி.

ராத்திரி சாப்பிடும்போது எனக்கே சிரிப்பு வந்தது. எவ்வளவு நாள் கழித்து.

11.5.1991

முதல் மூட்டையை நானே கொண்டுபோனேன். பச்சையம்மா வீட்டுக் கொட்டகை காலி. மாடு சினை நிற்கவே இல்லையாம். போன மாசம் விற்றுவிட்டாளாம். பக்கத்தில் அடுக்குமாடி கட்டுகிறார்கள், அங்கே சித்தாள் வேலைக்குப் போயிருக்கிறாள்.

கங்கையம்மாள் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னாள். "நான் பாதி எடுத்துக்கினு போயி அவ சுவத்து மேல வெச்சேம்மா. அப்படியே திருப்பிக் கொணாந்து குடுத்துட்டா. ஏற்கெனவே என்னாலதான் தெருவுக்கே வராம பூட்ச்சி, மறுபடியும் அந்தப் பாவம் எனக்கு வாணாம்னா."

பச்சையம்மா வரும்வரை இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் நின்றேன். தாம்பரம் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.